நூறு வோல்ட் பெட்டி

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் பிரியந்தியை மூடுபனிக்குள் விட்டுவிட்டு வந்தோம். சால்வைக்குள் கனமாக எதையோ அணைத்துக்கொண்டு, கோயில் பக்கமிருந்து ஏழாம் நம்பர் லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறிக்கொண்டிருந்தாள். சாமி நகையாக இருக்குமோ என்று உங்களில் சிலருக்குப் பயம் வந்திருக்கும். அவள் அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. ஆனால் எடுத்து வந்ததென்னவோ கோயில் சொத்துதான்.

செங்கல் அளவில் ஓர் இரும்புப் பெட்டி. பச்சைப் பெயின்ட். ஒரு பக்கம் சுவரில் குத்துகிற வயர். மறு பக்கம் தட்டை முள் நுழைகிற இரண்டு வாய்கள்.

அதற்கு ஒரே வேலை. நம் நாட்டுக் கரண்டு இருநூற்று முப்பது வோல்ட். கல்லுமலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இருக்கிற அம்ப்ளிபயரோ ஜப்பானில் யாரோ பாவித்துவிட்டு, கப்பலேறி ஹட்டனுக்கு வந்தது. ஜப்பானில் நூறு வோல்ட்தான். இந்தப் பெட்டி நடுவில் உட்கார்ந்துகொண்டு, வருகிற கரண்டைக் குறைத்து ஒரு வாயில் நூறாகவும் மற்ற வாயில் நூற்றுப்பத்தாகவும் கொடுக்கும். பெட்டி இல்லாவிட்டால் அம்ப்ளிபயருக்கு ஆயுசு இல்லை.

பிரியந்தி அதை எடுத்தது மகளுக்காக.

ஐந்து வருடம் ரியாத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, இரண்டு மாதம் முன்புதான் திரும்பி வந்தாள். போகும்போது தனுஜாவுக்கு மூன்று வயது. இப்போது எட்டு. வளர்த்ததெல்லாம் புருசன் கிஷாந்தின் அக்கா லெட்சுமி. பிள்ளை அத்தையை ‘வா, போ’ என்கிறது. பெற்றவளை மட்டும் ‘வாங்க, போங்க’ என்கிறது, வீட்டுக்கு வந்த டீச்சரிடம் பேசுவதுபோல.

பிரியந்தி கிளம்பும்போது ரியாத் வீட்டின் சின்ன மருமகள் ஒரு பாட்டு செட்டைக் கொடுத்தனுப்பினாள். இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், குரலை எதிரொலிக்க வைக்கிற ஒரு திருகு. அந்தப் பழைய வீட்டின் சுவர்களில் இரண்டு விதமான கரண்டு. ஒரு வாயில் இருநூற்று இருபது, மற்றதில் நூற்றுப்பத்து. செட் நூற்றுப்பத்துச் சாதி.

வந்த வாரமே அதைத் தூக்கிக்கொண்டு ஹட்டனில் மஃறூப் கடைக்குப் போனாள். கோயில் அம்ப்ளிபயரும் அங்கே வாங்கியதுதான். அவர் செட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத் தகட்டைப் படித்தார்.

“நேராக் குத்திராத தங்கச்சி. குத்தினா பாட்டு வராது, பொகதான் வரும்.”

கல்லாவில் இருந்த அவர் மனைவி பௌசியா சிரித்தார். “இவர் சொன்னா சரியாத்தான் ஈக்கும். எங்கட கலியாணத்துக்கு வந்த ஜப்பான் ரேடியோவ மொத நாளே நேராக் குத்தி எரிச்சவர்.”

“அதுல படிச்ச பாடம்தானே இந்தக் கடை,” என்றார் மஃறூப்.

“கோயிலுக்குக் குடுத்த மாதிரி ஒரு பெட்டி வேணும் நானா,” என்றாள் பிரியந்தி.

“அதுதான் கடைசிப் பெட்டி. இனிக் கொழும்புல இருந்து வரணும். அதுவும் சின்னது தங்கச்சி. குழாய் ஸ்பீக்கர் போட்டுக் கத்தினா பத்து நிமிசத்துல கொதிக்கும். கால் மணித்தியாலம் விட்டா கருகிப் போகும். கிஷாந்துக்கிட்ட சொல்லித்தான் குடுத்தேன்.”

கொழும்பிலிருந்து பெட்டி வரவில்லை. செட் துணி போர்த்தி மூலையில் கிடந்தது. தனுஜா அதை எட்டிப் பார்த்துவிட்டு, “இது பாடாதா?” என்று அத்தையிடம்தான் கேட்டாள். தாயிடம் கேட்கவில்லை.

அந்தக் கேள்விதான் புதன்கிழமை மாலை பிரியந்தியின் காலைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனது. சாவி வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. கோயில் மைக் செட்டுக்குப் பொறுப்பு அவள் புருசன் கிஷாந்த். அவன் தேயிலை ஸ்டோரில் வேலை முடிந்து வர நேரம் இருந்தது.

பெட்டி வந்தது. செட் பாடியது. தனுஜா மைக்கைப் பிடித்து ‘ஹலோ’ என்றாள். செட் ‘ஹலோ… ஹலோ… ஹலோ’ என்றது. பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஒரு பாட்டுப் பாடி முடித்துவிட்டு மைக்கை நீட்டியது.

“அம்மா, இப்ப நீ பாடு.”

நீ. ஐந்து வருடமும் இரண்டு மாதமும் காத்திருந்த ஒரு சொல். அதற்குப் பிறகு அவள் அந்தப் பெட்டியை எப்படி உடனே திருப்பி வைப்பாள், சொல்லுங்கள்.

*

வியாழக்கிழமை விடியும்போதே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. இரண்டாவது நாள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று. கொழுந்து பறிக்க யாரும் மலைக்குப் போகவில்லை. போனில் சிக்னல் இல்லை.

லயத்து முன்னால் கம்பத்தில் கட்டியிருந்த மழை அளக்கிற போத்தலுக்கு எதிரே லெட்சுமி குடையோடு நின்றாள். போத்தலில் மூன்று கோடுகள். மஞ்சள் வந்தால் கவனம். செம்மஞ்சள் வந்தால் மூட்டை கட்டு. சிவப்பு வந்தால் யாரையும் கேட்காதே, கோயில் மைக்கில் சொல், எல்லாரும் ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போ. இரண்டு வருடம் முன்பு மண்சரிவு பற்றிப் படிப்பிக்க வந்தவர்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். போத்தல் பார்ப்பது லெட்சுமியின் பொறுப்பு. மைக்கில் சொல்வது தம்பியின் பொறுப்பு.

“மஞ்சளத் தாண்டிருச்சு,” என்றாள் உள்ளே வந்து. தலையைத் துவட்டிக்கொண்டே செட்டைப் பார்த்தாள். போர்த்திய துணிக்குக் கீழே பச்சையாக ஒரு மூலை தெரிந்தது.

பிரியந்தி செட்டுக்கு முன்னால் ஓர் அடி வைத்தாள்.

லெட்சுமி குனிந்து துணியை இழுத்து அந்த மூலையை மூடினாள்.

“அந்திக்குள்ள கொண்டு போய் வச்சிரு. நான் ஒண்ணும் பாக்கல.”

“அண்ணி, இப்பவே வேணும்னாலும்…”

“இப்பப் போனா பூசாரி இருப்பாரு. அவரு வாயும் சும்மா இருக்காது. தம்பி காதுக்குப் போனா தெரியும்ல? ஒரு மைக் வயரக் கலியாண வீட்டுக்குக் கேக்காம எடுத்தாருன்னு சொந்த மச்சானோட ரெண்டு வருசம் பேசல அவன்.” பிறகு குரல் தணிந்தது. “பிள்ள நேத்து சிரிச்சது எனக்கும் கேட்டுச்சு. அஞ்சு வருசத்துல அப்பிடிச் சிரிச்சதில்ல.”

அதைச் சொல்லும்போது லெட்சுமியின் முகத்தில் இருந்தது சந்தோசமா, வேறொன்றா என்று பிரியந்திக்குத் தெரியவில்லை.

மதியம் கிஷாந்த் நனைந்து வந்தான்.

“ஸ்டோர நிப்பாட்டியாச்சு. கொழுந்து இல்லாம எத வாட்டுறது? பேன் எல்லாத்தையும் நான்தான் ஆஃப் பண்ணிட்டு வாறேன்.”

அப்போதுதான் பிரியந்திக்கு விளங்கியது, காலையிலிருந்து எது குறைகிறது என்று. கொழுந்து வாட்டுகிற அந்தப் பெரிய காத்தாடிகளின் இரைச்சல். இங்கேயே இருப்பவர்கள் காதில் அது விழுவதே இல்லை. ஐந்து வருடம் அது இல்லாமல் இருந்தவளுக்கு, இருந்தாலும் கேட்கும், நின்றாலும் கேட்கும்.

“லைட்டு என்ன இவ்வளவு வெளிச்சமா இருக்கு?” என்றாள் தனுஜா, பல்பைப் பார்த்து.

கிஷாந்த் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். பிரியந்தி அவனுக்கும் செட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அவன் எப்போது தூங்குவான் என்று காத்திருந்தாள்.

அவன் தூங்கவில்லை. இரண்டு மணிக்கு லயத்துக்குப் பின்னால் போய், மழைத் தண்ணீர் ஓடுகிற கானைப் பார்த்துவிட்டு வந்தான். போன மாதம் கானுக்கு மேலே மண்ணில் ஒரு வெடிப்பு இருந்தது, விரல் நுழைகிற அளவு.

“இப்ப என் கை போகுது,” என்றான். கையைக் காட்டினான். முழங்கை வரை சேறு.

*

மூன்று மணிக்கு லெட்சுமி குடை இல்லாமல் ஓடி வந்தாள்.

“தம்பி. செவப்பு.”

கிஷாந்த் ஆணியிலிருந்து சாவியை உருவினான். “தனுஜா, செருப்பப் போட்டுக்கிட்டு உள்ளயே இரு. அம்மா வந்து கூட்டிட்டுப் போவா. அக்கா, நீ காம்பரா காம்பராவாப் போய் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டு. பிரியந்தி, நீ என்னோட வா. அங்க கூரை ஒழுகும், குடை பிடிக்கணும், மைக்கு நனையக் கூடாது.”

நூற்றிருபது படி இறங்கினால் கோயில். படியெல்லாம் தண்ணீர் ஆறாக ஓடியது. அவன் முன்னால் ஓடினான். அவள் பின்னால். ஒவ்வொரு படிக்கும் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். சொன்னால் நின்று திரும்புவான். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ரியாத்தில் சேர்ந்த இரண்டாவது வாரம், ஜூஸ் அடிக்கிற மெஷினைத் தவறான வாயில் குத்திவிட்டாள். பட்டென்று ஒரு சத்தம், கசந்த புகை. யார் என்று கேட்டாள் மூத்த மேடம். நான்தான் என்று உடனே ஒப்புக்கொண்டாள். மூன்று நாள் அவள் அறைக் கதவு வெளியே பூட்டியிருந்தது. அதிலிருந்து யார் என்று எவர் கேட்டாலும் அவள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கோயில் சாமான் அறையைத் திறந்தான். அம்ப்ளிபயரை இழுத்தான். பக்கத்தில் கையை விட்டுத் துழாவினான்.

“பெட்டி எங்க?”

அவள் குடையை அம்ப்ளிபயர் பக்கம் சாய்த்தாள்.

“இங்கதான வச்சேன். யாரு எடுத்தா?”

மழை தகரத்தில் அறைந்தது. அவள் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. “சரி, விடு. நேராவே குத்துவோம். நம்ம லைன்ல வாறது அரைக் கரண்டுதானே. ஆடிப் பூசைக்குப் பெட்டிய வீட்டுல மறந்துட்டு வந்தப்ப நேராக் குத்தித்தான் பேசினேன். ஒண்ணும் ஆகல.”

அவன் சொன்னது பொய்யில்லை. ஸ்டோருக்கும் லயத்துக்கும் கோயிலுக்கும் ஓடைக்கு அப்பால் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கும் ஒரே லைன்தான். ஸ்டோரில் காத்தாடிகள் சுற்றினால் இங்கே பல்ப் கிழங்குபோல மஞ்சளாகிவிடும். அரைக் கரண்டு என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வார்கள். அதை நம்பித்தான் தோட்டத்தின் இந்த மேல்கணக்குப் பகுதி முழுவதும் குடித்தனம் நடக்கிறது.

அரைக் கரண்டு என்றால் பெட்டி தேவையில்லைதானே, என்று பிரியந்தியும் தன்னிடம் சொல்லிக்கொண்டாள். இந்தத் தடவை மட்டும். பேசி முடித்ததும் சொல்லிவிடலாம்.

அவன் கோணிச் சாக்கில் ஏறி நின்று, கையை இடுப்புச் சாரத்தில் துடைத்து, அம்ப்ளிபயரின் தட்டை முள்ளை ஒரு மாற்றுப் பிளக்கில் செருகிச் சுவரில் மாட்டினான். அவள் தற்செயலாக நிமிர்ந்து பார்த்தாள். அம்மன் தலைக்கு மேலே எரிந்த பல்ப் வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது.

காத்தாடிகள் ஓடவில்லை.

“என்னங்க, பல்ப…”

சுவிட்சைத் தட்டிவிட்டான்.

குழாய் ஸ்பீக்கர் ஒரே ஒரு தடவை ‘ம்’ என்று பெரிதாக முனகியது. அம்ப்ளிபயருக்குள் ஏதோ வெடித்தது. அதன் மூச்சுத் துளைகளிலிருந்து புகை வந்தது. அவளுக்குத் தெரிந்த அதே புகை, அதே கசப்பு.

கிஷாந்த் வயரைப் பிடுங்கி எறிந்தான். பிறகு அப்படியே நின்றான்.

“நான்தான்,” என்றாள் பிரியந்தி. “பெட்டிய நான்தான் எடுத்தேன். வீட்டுல இருக்கு. பிள்ள பாடணும்னு எடுத்தேன். அடிக்கிறதுன்னா அப்புறம் அடிங்க.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்ததுபோல இருந்தது. ஒரு மூச்சு நேரம்தான்.

“நான்தானே பேன நிப்பாட்டினேன்,” என்றான். “என் கையாலதானே நிப்பாட்டினேன்.”

மேலே மலையில் எங்கோ ஒரு மரம் முறிகிற சத்தம் கேட்டது. காற்று இல்லை. காற்று இல்லாமல் மரம் முறிந்தது.

“செட்டு வேல செய்யுது,” என்றாள். “அதுலயும் மைக் இருக்கு. இந்தக் குழாய் வயர அதுல கொடுத்தா கத்தாதா?”

அவன் திரும்பினான். “கத்தும். ஓடு.”

*

ஏறும்போது படி கண்ணுக்குத் தெரியவில்லை. தண்ணீரின் நிறம் மாறியிருந்தது. இறங்கும்போது கலங்கல் தண்ணீர். இப்போது கரைத்த மண்.

லெட்சுமி நாலாவது காம்பராவில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். தகரத்து மழையில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. திறந்தவர்களும் நம்பவில்லை.

“மைக்குல சொல்லலையே?” என்றார் ஒருவர், கதவை அரைவாசி திறந்து. “சொன்னா வாறோம், தங்கச்சி.”

பிரியந்தி தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. தோளால் இடித்தாள். நிலை சாய்ந்து கதவைக் கவ்வியிருந்தது. ஊறிய மரம் இப்படிப் பிடிக்காது. சுவரே நகர்ந்திருந்தது.

உள்ளேயிருந்து சின்னக் குரல். “அம்மா. கதவு வரல. நீ தள்ளு அம்மா.”

“அண்ணி…”

லெட்சுமி அலவாங்குக் கம்பியோடு வந்தாள். எங்கிருந்து எடுத்தாள் என்று பிறகு கேட்டால் அவளுக்கே தெரியாது. இரண்டு பெண்களும் ஒரே கம்பியில் நாலு கையையும் வைத்து நெம்பினார்கள். கீல் பிடுங்கிக்கொண்டு கதவு உள்ளே விழுந்தது.

தனுஜா ஓடி வந்தாள். யார் மேல் விழுவது என்று ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் வந்து விழுந்தாள்.

“அழுறதெல்லாம் அப்புறம்,” என்றாள் லெட்சுமி. “என்ன தூக்கணும்? சொல்லு.”

பெட்டி உர பேக்கில் சுற்றப்பட்டு லெட்சுமி தலையில் ஏறியது. செட்டைப் பிரியந்தி மார்போடு அணைத்தாள். மைக்கைத் தனுஜா சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அப்படியே மூவரும் இறங்கினார்கள்.

கிஷாந்த் எரிந்த அம்ப்ளிபயரிலிருந்து குழாய் வயர்களைக் கழற்றி, பல்லால் தோல் உரித்து வைத்திருந்தான். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு முறுக்கினான். பெட்டியின் வயரைச் சுவரில் குத்தினான். செட்டின் முள்ளைக் கையில் எடுத்தான்.

“எந்த வாய்? நூறா, நூத்திப்பத்தா?”

“குடுங்க,” என்றாள்.

அவள் குனிந்து எழுத்தைப் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். விரலால் தடவியும் பார்த்தாள். நூற்றுப்பத்து. குத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள்.

புகை வரவில்லை. செட்டின் நெற்றியில் பச்சையாக ஒரு புள்ளி எரிந்தது.

கிஷாந்த் மைக்கை வாங்கினான். தனுஜா நேற்றுத் திருகிவிட்ட எதிரொலி அப்படியே இருந்தது. அதைக் குறைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

“செவப்பு வந்துருச்சு,” என்றான். மலை ‘வந்துருச்சு… வந்துருச்சு… வந்துருச்சு’ என்றது. “எல்லாரும் வெளிய வாங்க. எதையும் எடுக்காதீங்க. ஸ்கூலுக்குப் போங்க.”

போங்க… போங்க… போங்க.

அந்தக் குரல் கிஷாந்தின் குரல்போலவே இல்லை. மலைக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல இருந்தது. அதனால்தான் வெளியே வந்தோம் என்று பலர் பிறகு சொன்னார்கள். முதல் கதவு திறந்தது. பிறகு அடுத்தது. குடையும் சாக்கும் குழந்தைகளுமாகப் படிகள் நிறைந்தன.

ஏழெட்டு நிமிடத்தில் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். “கொதிக்குது. நிப்பாட்டணும்.”

“நீங்க ரெண்டு பேரும் போங்க,” என்றாள் லெட்சுமி. “ஓடையில தண்ணி ஏறுது. ஆம்பள ஒருத்தன் கயிறு பிடிக்காட்டி பிள்ளைங்க கடக்க மாட்டாங்க. நான் இத நிப்பாட்டிட்டு, கடைசி ஆள் இறங்கினதும் பின்னாலயே வாறேன்.”

“அண்ணி, நான் இருக்கேன். நான் எடுத்த பெட்டி.”

“துணியால மூடினது நான்,” என்றாள் லெட்சுமி. பிறகு தனுஜாவின் ஈரத் தலையை ஒரு தடவை கோதிவிட்டு, கையைப் பிடித்துப் பிரியந்தியின் கையில் வைத்தாள். “போ. அம்மா கூடப் போ.”

*

பள்ளிக்கூட மண்டபத்தில் ஈரச் சேலை மணமும் குழந்தைகளின் இருமலும் நிறைந்திருந்தது. உத்தரத்தில் ஒற்றைப் பல்ப் வெள்ளையாக எரிந்தது. நாலரை மணி இருக்கும். வெளியே பனி இறங்கி, ஓடைக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

கிஷாந்த் காம்பரா நம்பர் சொல்லிக் கூப்பிட்டான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கை உயர்ந்தது. ஏழாம் நம்பர் லயத்தில் கடைசிக் காம்பராவுக்குக் கை உயரவில்லை.

“அழகன் அண்ணே எங்க?”

“காலையிலயே தண்ணியப் போட்டுட்டாரு,” என்றது ஒரு குரல். “தட்டினேன். தூங்குறாரு.”

“அக்கா?”

லெட்சுமி வரவில்லை.

அப்போது ஓடைக்கு அப்பாலிருந்து குழாய் ஸ்பீக்கர் கரகரத்தது. இந்தப் பக்கம் பார்த்துக் கட்டியிருந்த குழாய். எல்லாரும் வாசலுக்கு நெருங்கினார்கள்.

“அழகன் அண்ணே,” என்றது லெட்சுமியின் குரல். அண்ணே… அண்ணே… “கதவு பிடிச்சிருச்சுன்னா ஜன்னலால வாங்க. நான் கோயில்லதான் இருக்கேன்.” இருக்கேன்… இருக்கேன்…

“அத்த,” என்று சிரித்தாள் தனுஜா. அந்த எதிரொலி அவளுக்கு இன்னும் விளையாட்டாகத்தான் இருந்தது.

“லூசு,” என்றான் கிஷாந்த், அழுகிற குரலில். “நிப்பாட்டச் சொன்னேனே. வந்து தொலையேன் அக்கா.”

குழாய் விடவில்லை. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அதே பெயர், அதே வார்த்தை. ஒரு முறை இருமினாள். அந்த இருமலும் மூன்று தடவை கேட்டது. பிறகு குரலில் ஒரு துள்ளல்.

“ஆ, வாறீங்களா. மெதுவா. அந்தப் படியில கால் வைக்காதீங்க அழக…”

அழக… அழக…

பிறகு ஒன்றுமில்லை.

மழைச் சத்தம் மட்டும். அதற்குள்ளே, வெகு தூரத்தில் லொறி கல் கொட்டுவதுபோல ஒன்று கேட்டதா, கேட்கவில்லையா? ஒருவர் கேட்டது என்றார். மற்றவர் இடி என்றார்.

“கரண்டு போயிருச்சு,” என்றாள் ஒரு பெண். “கரண்டுதான் போயிருக்கும்.”

எல்லாருடைய தலையும் ஒன்றாக மேலே நிமிர்ந்தது.

உத்தரத்துப் பல்ப் எரிந்துகொண்டிருந்தது. அசையாமல், வெள்ளையாக. ஸ்டோருக்கும் லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே லைன்.

கிஷாந்த் பாய்ந்து மழைக்குள் இறங்கினான். நாலைந்து பேர் பின்னால் ஓடினார்கள்.

“அம்மா,” தனுஜா அவள் சேலையை இழுத்தாள். “அத்த ஏன் பேசல? அம்மா, நீ சொல்லு.”

பிரியந்தி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், மூன்று வயதில் விட்டுப் போனபோது வைத்திருந்ததுபோல. வாசலுக்கு வந்தாள். மாரியாத்தா, பெட்டி கருகியிருக்கட்டும் என்று வேண்டினாள். ரெண்டு தடவையும் சேத்துப் பத்து நிமிசத்துக்கு மேல ஓடிச்சே, கருகத்தானே வேணும். என் செட்டு எரிஞ்சு போயிருக்கட்டும். ஐந்து வருடத்தில் எனக்கென்று கிடைத்த ஒரே சாமான், அது எரிந்து புகைந்து நாசமாய்ப் போயிருக்கட்டும். அதனால்தான் சத்தம் நின்றது என்று ஆகட்டும்.

காற்று ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வீசியது. அவள் முகத்தை நீட்டி ஆழமாக மூச்சை இழுத்தாள். அந்தக் கசந்த புகை கொஞ்சமாவது வருகிறதா என்று.

புதிதாக வெட்டிய மண்ணின் மணம் வந்தது.